பாதி வழி நான் ஓட்டுவதாகப் பேச்சு

என் மனுசன் வாக்குக் கொடுத்தது சாப்பாட்டு மேசையில், மகளுக்கு முன்னால். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போது அவருடைய வாய்க்குள் புட்டு இருந்தது. எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று மகள் ஒரு பயணத்தை ஒழுங்கு செய்து, தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒஸ்லோவில், ரொம்மனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் புறப்பட வேண்டும். தெலமார்க்கில் ஒரு வைன் தோட்டம், அதற்குப் பிறகு தெற்குக் கரையோரமாக ரிசோர், ஆரெண்டால், கிரிம்ஸ்தா என்று கடலை ஒட்டிய சின்ன ஊர்கள். மூன்று நாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"அப்பா, நீங்களே முழுக்கக் கார் ஓடக் கூடாது. நீங்களும் லீவிலைதானே போறீங்கள்," என்றாள்.

"ஓம் ஓம். பாதி வழி கொம்மா ஓடட்டும்," என்றார் இவர். அதைக் கேட்டதும் எனக்குத்தான் புட்டு விக்கியது.

என் மனுசன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருசமாக ஓட்டுகிறார். ஊர் பேர் தெரியாத சனத்தையெல்லாம் ஏற்றி இறக்குவார். நானோ நாற்பத்தெட்டாவது வயதில், மூன்றாம் தடவையில், லைசென்ஸ் எடுத்தவள். சோதனைக் கேள்விகளை நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இடைவேளை நேரத்தில் படித்தேன். ஐஸில் சறுக்கினால் சமாளிக்கப் பழக்குகிற திடலில் கார் என்னையும் கொண்டு மூன்று சுற்றுச் சுற்றியபோது கண்ணை மூடாமல் இருந்து அதை நிறுத்தினேன். அது நடந்து இரண்டு வருசம். பக்கத்து ஸ்டோவ்னர் கடைக்கும், சனி ஞாயிறு காலை வேலைக்கும் நான்தான் காரை எடுத்துக்கொண்டு போவேன். ஆனால் அவர் காருக்குள் இருக்கும்போது ஒரே ஒரு நாள்கூட நான் ஓட்டியது கிடையாது.

முடியாது என்று அவர் சொன்னதே இல்லை. சொன்னால் சண்டை பிடிக்கலாம். 'பிறகு' என்று சொல்லுகிற மனுசனோடு என்னத்தைப் பிடித்துச் சண்டை போடுவது? மழை பெய்தால், "றோட்டு சறுக்கும், பிறகு ஓடும்." வெயில் எறித்தால், "கண்ணுக்குள்ளை அடிக்கும், பிறகு ஓடும்." மாரி காலத்தில் ஐஸ். இலை உதிரும் காலத்தில் இலை. இரண்டு வருசத்தில் நோர்வேயில் ஒரு நாளாவது எனக்குத் தோதான காலநிலை வரவில்லை.

இன்னுமொரு சட்டமும் எங்கள் வீட்டில் இருந்தது. நான் கார் எடுத்துவிட்டு வந்தால் சீற்றைப் பழையபடி பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். மறந்துவிட்டால், அடுத்த நாள், "ஆர் இந்தச் சீற்றைக் குழப்பினது?" என்று கேட்பார். மகள் படிக்கப் போன பிறகு வீட்டில் இருப்பதே இரண்டு பேர். வேறு ஆர் வந்து குழப்புவது?

ஆகவே அந்த வாக்கை நான் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயணம் போகும் அன்று கால் நழுவாத சப்பாத்துப் போட்டேன். கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். கீழே போனபோது அவர் ஏற்கெனவே ஓட்டுகிற சீற்றில் இருந்து, பெல்ற்றும் போட்டிருந்தார்.

"ஒஸ்லோவுக்குள்ளை ஒரே ட்ராபிக். டிராமன் தாண்டினாப் பிறகு நீர் எடும்," என்றார்.

டிராமன் தாண்டியது. "கொங்ஸ்பெர்க் மட்டும் ஓடிவிடுறன். இடையிலை நிப்பாட்ட நல்ல இடமில்லை." நல்ல இடங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு வெளியே கடந்து போய்க்கொண்டிருந்தன. நான் அவற்றை எண்ணினேன். கொங்ஸ்பெர்க்கும் போனது. "மலை இறக்கம் வருது. இறங்கினாப் பிறகு." இறங்கினோம். பிறகு மலையைக் குடைந்த குகை வழி வந்தது. குகைக்குள் நின்று ஆள் மாறவா முடியும்? எனக்குள் விசர் ஏறிக்கொண்டு வந்தது. ஆனாலும் என் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. வைன் தோட்டத்தில் இவர் குடிப்பார். குடித்தால் ஓட்ட முடியாது. நோர்வேயில் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் லைசென்ஸ் போய்விடும், இவருக்கு அதோடு வேலையும் போய்விடும். ஒவ்வொரு நாளும் குழாயில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் பஸ்ஸையே கிளப்புகிற ஆள்.

வைன் தோட்டம் க்வார்வ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிவர ஆப்பிள் மரங்கள், நடுவே ஒரு சரிவில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். காய்கள் பச்சை மிளகு அளவில்தான் இருந்தன. "கண்டறியாத வைன். உந்தக் குளிருக்குள்ளை உது எங்கை பழுக்கப் போகுது?" என்று இவர் தமிழில் புறுபுறுத்தார். தோட்டக்காரப் பெண் றப்பர் பூட்ஸோடு வந்து எங்கள் கையைக் குலுக்கி, ஆப்பிள் மரத்துக்குக் கீழே மேசையில் இருத்தினாள். ஆளுக்கு நாலு கிளாஸ். முதல் கிளாஸில் இரண்டு விரல் அளவு வெள்ளை வைன் ஊற்றிவிட்டு, அந்தக் கொடி எந்த மாரியைத் தப்பிப் பிழைத்தது, எந்தச் சரிவில் வெயில் கூட என்றெல்லாம் ஆசை ஆசையாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு மற்றப் போத்தலை எடுக்கப் போனாள்.

அவள் அங்காலே போனதும் இவர் தன் கிளாஸை என் பக்கம் தள்ளினார். "இதையும் நீர் குடியும். உமக்கு லீவுதானே. நான் ஓடுறன்."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! நான் இரண்டு கிளாஸையும் அவர் பக்கம் தள்ளினேன். "உங்களுக்கும் லீவுதான். நீங்கள் குடியுங்கோ. நான் ஓடுறன்."

"எனக்கு வேண்டாமப்பா."

"எனக்கும் வேண்டாம்."

"பின்னை ஏன் இவ்வளவு தூரம் வந்தது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

அந்தப் பெண் இரண்டாவது போத்தலோடு வந்தபோது இரண்டு கிளாஸும் தொடாமல் மேசை நடுவில் நின்றன. ஊற்றினாள், விளக்கினாள், போனாள். நாங்கள் தொடவில்லை. மூன்றாவது போத்தலோடு வந்தவள் நின்றுவிட்டாள். பாவம், முகமெல்லாம் சிவந்து போயிற்று. "மன்னிக்க வேண்டும். உங்கள் சமயத்தில் குடிக்கக் கூடாது போலிருக்கிறது. நான் முதலே கேட்டிருக்க வேண்டும்," என்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்கு முன், இவர் பஸ்ஸில் பழகிய தன்னுடைய நோர்வேஜிய மொழியில், "ஆமாம், சமயம்தான்," என்று தலையை ஆட்டினார். எங்கள் சமயத்தில் அப்படி ஒரு கட்டளை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் ஓடிப்போய் ஆப்பிள் சாறு கொண்டுவந்து, வைன் கிளாஸிலேயே ஊற்றித் தந்தாள். இருபத்தைந்து வருசக் கலியாணத்தைக் கொண்டாட வந்த இரண்டு பேரும் அதைக் குடித்தோம்.

காருக்குத் திரும்பினால், "இந்த றோட்டு ஒடுக்கம்," என்று சொல்லிக்கொண்டே அவர் தன் சீற்றில் ஏறிவிட்டார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. அழுதால் அதையும், "இப்பிடி அழுகிற ஆள் எப்பிடி ஓடுறது?" என்று கணக்கில் எடுத்துவிடுவார். ஆகவே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பத்து நிமிசம் கழித்து, "ஷீயனிலை அண்ணை வீட்டை ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம். தோட்டத்திலை நிண்டு போன் பண்ணினனான்," என்றார்.

அண்ணை என்றது இவருடைய பெரியப்பாவின் மகன், எனக்கு அத்தான். எங்கள் ஆட்களுக்கு ஒரு ஊரில் சொந்தம் இருந்தால் அந்த ஊரைச் சும்மா தாண்டிப் போக முடியாது. தாண்டியது தெரியவந்தால், எப்படியும் தெரியவரும், அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுத்துக் கதைக்க முடியாது. மகளின் தாளில் ஷீயன் இல்லை. மகள் இஞ்சை பிறந்த பிள்ளை, அவளுக்கு இந்த உபத்திரவம் விளங்காது.

"ரிசோர் ஹோட்டலிலை எங்களை ஏழு மணிக்கு எதிர்பாக்கினம்," என்றேன். துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலோடு ஒரு அறை. படத்தை மகள் எனக்கு அனுப்பியிருந்தாள். ஒரு கிழமையாக அந்தப் படத்தை வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டியிருந்தேன்.

"ஒரு தேத்தண்ணி மட்டும்," என்றார்.

தேத்தண்ணிக்கு இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, கட்லற், ரோல்ஸ் எல்லாம் மேசையில் இருந்தன. சாப்பிட்டு முடிவதற்குள் அத்தான் நிலவறைக்குள் இறங்கி ஒரு போத்தலோடு ஏறிவந்தார். லேபிள் இல்லை, மார்க்கர் பேனையால் வருசம் மட்டும் எழுதியிருந்தது. "டேய் தம்பி, இது நான் போட்டது. வீட்டுக்குப் பின்னாலை நிக்கிற ஆப்பிளும் சிவப்பு பெரிப் பழமும். உன்ரை தோட்டக்காரியிட்டை உப்பிடிக் கிடைக்காது."

இவர் என்னை ஒருதரம் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். தோட்டக்காரி மூன்று போத்தல் கொண்டுவந்து மினக்கெட்டும் தொடாத மனுசன், அண்ணை தன் கையால் ஊற்றியதை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கினார். சமயம் எங்கே போயிற்றோ தெரியாது.

உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம். முதல் கிளாஸ். ஊற்றுங்கோ அத்தான். இரண்டாவது. நல்லா ஊற்றுங்கோ. மூன்றாவது கிளாஸோடு இவர் கதிரையில் சாய்ந்து, தன் பஸ்ஸில் ஒருவன் ஆட்டுக்குட்டியோடு ஏறிய கதையைத் தொடங்கினார். இனி வழியே இல்லை, நான்தான் ஓட்ட வேண்டும். நான் எழும்பி அக்காவுக்கு, அதாவது அத்தானின் மனிசிக்கு, கோப்பை கழுவிக் கொடுக்கப் போனேன்.

"இவர் குடிச்சிட்டார், ரிசோருக்கு நான்தான் ஓடப் போறன்," என்று அக்காவிடம் சொன்னேன். வேண்டுமென்றுதான் சொன்னேன், அவ்வளவு சந்தோசப் புழுகம்.

அக்கா கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "என்னட்டையும் லைசென்ஸ் இருக்கு, தெரியுமோ?" என்றா. எனக்குத் தெரியாது. அவ கார் ஓட்டி நான் கண்டதே இல்லை. "பதினாலு வருசத்துக்கு முன்னம் எடுத்தனான். எடுத்த கிழமை இவரோடை ஒருக்கா ஓடினன். வழிநெடுக பிறேக், பிறேக் எண்டு கத்தினார். பிறகு ஓடுவம் பிறகு ஓடுவம் எண்டு விட்டிட்டன். இப்ப அலுமாரிக்குள்ளை பாஸ்போட்டுகளோடை கிடக்குது." அவ கவலையாகக்கூடச் சொல்லவில்லை. சமையல் குறிப்புச் சொல்லுகிற மாதிரிச் சொன்னா. பதினாலு வருசம்! எனக்கு இப்போதுதான் இரண்டு.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "வெளிக்கிடுவமே? நேரமாகுது."

"எங்கை வெளிக்கிடுறது?" என்றார் அத்தான். "இண்டைக்கு இஞ்சை நிண்டு, நாளைக்கு ஆறுதலாப் போங்கோ. இவன் குடிச்சிட்டானெல்லே."

"ஓமப்பா, அதுதான் புத்தி," என்றார் என் மனுசன்.

"நான் குடிக்கேல்லை. நான் ஓடுறன்."

அத்தான் சிரித்தார். "தங்கச்சி, உது ஸ்டோவ்னர் கடைக்குப் போற றோட்டில்லை. ஒரே வளைவு. லீவு காலம், காருக்குப் பின்னாலை வீட்டை இழுத்துக்கொண்டு போற கரவனுகள் வேறை."

அத்தான் சொன்னது எனக்குப் பெரிசில்லை. அவர் தன் வீட்டு அலுமாரியிலேயே ஒரு லைசென்ஸைப் பூட்டி வைத்திருப்பவர். நான் இவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். 'இல்லை அண்ணை, அவ ஓடுவா' என்ற நாலு சொல் அவர் வாயிலிருந்து வருமா என்று பார்த்தேன். அவர் கிளாஸுக்குள் பார்த்துச் சிரித்தார். இருபத்தைந்து வருசத்தில் எத்தனையோ சண்டை பிடித்திருக்கிறோம், பேச்சு வாங்கியிருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். அந்தச் சிரிப்பு மாதிரி ஒன்றும் என்னைச் சுட்டதில்லை.

கார்ச் சாவி மேசையில், ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். "நீங்கள் நிண்டு ஆறுதலா வாங்கோ. பஸ் இருக்கும்தானே. நான் போறன்."

"விசரே உமக்கு?" என்று எழும்பினார்.

"ஓம், விசர்தான்."

படியில் இறங்கும்போது அக்கா பின்னால் ஓடிவந்து, கட்லற் சுற்றிய பொட்டலத்தை என் கையில் வைத்தா. என் கையை ஒருதரம் இறுக்கிப் பிடித்தா.

காருக்குள் ஏறி சீற்றை முன்னுக்கு இழுத்தேன், கண்ணாடிகளைத் திருப்பினேன். தனியே போகத் துணிந்துவிட்டேனே தவிர, அவ்வளவு தூரம் நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. அப்போது பின் கதவு திறந்தது. இவர் ஏறி, பின் சீற்றில், டாக்ஸியில் வந்த ஆள் மாதிரி இருந்துகொண்டார்.

"முன்னுக்கு வாங்கோ."

"இஞ்சை வசதி," என்றார்.

சரி, இரும் ஐயா இரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு காரை எடுத்தேன். அத்தான் வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் பிசகு விடாமல் பின்னுக்கு எடுத்துத் திருப்பியதைப் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

முதல் கால் மணி நேரம் பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. சுற்றுவட்டம் வந்தால் ஒரு இழுப்பு. லொறி வந்தால் ஒரு இழுப்பு. அவருடைய கால் என் சீற்றின் முதுகில் பிறேக் மிதிப்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு தடவை, "ஸ்பீட் பாரும்," என்றார். ஸ்பீட் பலகையில் போட்டிருந்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. பிறகு பெரிய பாதை வந்தது, குகை வழிகள் வந்தன, நான் ஒவ்வொன்றாக நுழைந்து வெளியே வந்தேன். ஒரு கரவனுக்குப் பின்னால் நெடுநேரம் பொறுமையாகப் போனேன். ரிசோருக்குத் திரும்புகிற ஒடுங்கிய பாதையில் அத்தான் சொன்ன வளைவுகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுக்கொடுத்து, வெளியே வரும்போது மிதித்தேன். கார் ஓட்டப் படிப்பித்த பெடியன் சொல்லித் தந்ததெல்லாம் காலுக்கு நினைவிருந்தது. ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, கடல் தெரிந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. "இஞ்சை பாருங்கோவன்!" என்று கத்தியும் விட்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, கழுத்து ஒரு பக்கம் தொங்க, அயர்ந்த நித்திரை.

ரிசோரில் வெள்ளை மரவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. தெருவோ ஒரு கார் போக மட்டும்தான். ஹோட்டலுக்கு முன்னால், ஏற்றத்தில், இரண்டு காருக்கு நடுவில் ஒரே ஒரு இடம் இருந்தது. இரண்டு தரம் சோதனையில் என்னைத் தோற்கடித்தது இந்தப் பாழாய்ப்போன பார்க்கிங்தான். ஒரே தரத்தில் உள்ளே விட்டேன். சில்லு ஓரக்கல்லில் படவுமில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஆகச் சிறந்த பார்க்கிங் அது, அதற்கிருந்த ஒரே சாட்சி பின் சீற்றில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எழுப்பினேன். கண்ணைக் கசக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்த இடம்?" என்றார். சொன்னேன். "ம்," என்றார். அவ்வளவுதான்.

அப்போதும் நான் மன்னித்திருப்பேன். பாவம், களைப்பு, வெட்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். குளித்துவிட்டு இறங்கி, துறைமுகத்தில் ஒரு வள்ளத்தில் இறால் வாங்கினோம். மரப்பலகையில் குந்தியிருந்து, உரித்து உரித்துச் சாப்பிட்டோம். நோர்வே வெயில் அப்போதும் போகவில்லை. அவர் எனக்கு நாலு இறால் உரித்துத் தந்தார். அது அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் என்று நினைத்து நானும் சாப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது, ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் இருக்கிற சிநேகிதர்.

"ஓம், ரிசோருக்கு வந்திட்டம். ஓம் மச்சான், பயங்கர வளைவு. சீச்சீ, என்ன பயம்? மெல்ல மெல்ல ஓடிக்கொண்டு வந்திட்டன்."

என் கையில் பாதி உரித்த இறால். அதை அப்படியே கடலுக்குள் எறிந்தேன். ஒரு கடற்புறா பாய்ந்து எடுத்தது. இவர் போனை வைக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"ஆர் ஓடினது?"

"என்ன?"

"ஷீயனிலையிருந்து இஞ்சை மட்டும் ஆர் ஓடினது எண்டு கேக்கிறன்."

"அட, அவனுக்கு என்னத்தை விளங்கப்படுத்துறது? பெண்சாதி ஓட நான் பின்னுக்கு நித்திரை எண்டு சொல்லவே? நாளைக்கு முழு ஒஸ்லோவும் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்! நான் ஓடினதிலை சிரிக்க என்ன இருக்கு? உங்களுக்கு வெக்கமில்லையா? இருபத்திரண்டு வருசம் ஆரார் எல்லாரையும் ஏத்தி இறக்கினீங்கள். உங்களை ஒருக்கா ஒருத்தி ஏத்திக்கொண்டு வந்து இறக்கினா, அதையும் களவெடுத்துப் போட்டீங்கள்."

பக்கத்துப் பலகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இறால் தோல்களைப் பைக்குள் பொறுக்கிப் போட்டார். அந்த ஜன்னல் அறையில், அந்தத் துறைமுகத்தைப் பார்த்தபடி, நாங்கள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தோம்.

காலையில் கண் விழித்தபோது அவர் கட்டிலில் இல்லை. சாமான்களை அடுக்கிவிட்டு ஜன்னலால் பார்த்தேன். கீழே தெருவில், எங்கள் காரின் திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்து சீற்றைப் பின்னுக்குத் தள்ளினார். கண்ணாடியைத் திருப்பினார். கதவைச் சாத்திவிட்டு, பாண் வாங்கவோ என்னவோ, பேக்கரிப் பக்கம் நடந்தார்.

எனக்கு அக்காவின் அலுமாரி கண்ணுக்குள் வந்து நின்றது.

நான் பெட்டியைக்கூடத் தூக்கவில்லை. மற்றச் சாவி என் கைப்பையில் இருந்தது. இறங்கிப் போய், ஓட்டுகிற சீற்றில் ஏறி, சீற்றை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ற்றையும் போட்டுக்கொண்டு இருந்தேன். கால் நழுவாத சப்பாத்து. கறுப்புக் கண்ணாடி. அவர் பேப்பர்ப் பையோடு வந்தார். மேலே போனார், பெட்டிகளோடு இறங்கினார், அவற்றைப் பின்னால் வைத்தார். பிறகு என் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியை இறக்கினேன்.

"இறங்கும்," என்றார்.

"இல்லை."

"சனம் பாக்குதப்பா."

"பாக்கட்டும். வாக்கு உங்கடை வாயாலை வந்தது. புட்டோடை வந்தது."

நின்றார். ஒருத்தி நாயோடு எங்களைக் கடந்து போனாள். அவர் தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மழையில்லை, வெயிலும் முகில்களுக்குள் இருந்தது. நல்ல காலநிலை. ஒன்றும் அகப்படவில்லை போலும். பின் கதவு வரை போனார். கைபிடியில் கை வைத்தார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு வந்து, முன்னால், என் பக்கத்தில் ஏறினார். முழங்காலில் பேப்பர்ப் பையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

நான் வெளியே எடுத்து ஆரெண்டால் பாதையில் விட்டேன். "முன்னாலை கார் வருது," என்றார். "தெரியும்," என்றேன். கொஞ்சம் கழித்து, "வலப்பக்கம் கல்லு," என்றார். பயணம் முழுவதும் இப்படியே கத்திக்கொண்டுதான் வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மகள் போனில் கூப்பிட்டாள். கார் ஸ்பீக்கரில் அவளுடைய குரல் பெரிதாக வந்தது. "அப்பா, ஓடிக்கொண்டிருக்கிறீங்களா? எங்கை இப்ப நிக்கிறீங்கள்?"

என் கண் றோட்டில் இருந்தது, காது மட்டும் அவர் பக்கம் இருந்தது.

"அப்பா? கேக்குதா?"

"எனக்கென்ன தெரியும்," என்றார். தொண்டையைச் செருமினார். "கொம்மாவைக் கேள். அவதான் ஓடுறா."

"ஹே?" என்றாள் மகள், நோர்வேக்காரப் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிற மாதிரி. "அம்மாவா?"

"ஓம். நேற்றும் அவதான் ஓடினவ. ஷீயனிலையிருந்து, அந்த வளைவெல்லாம். நான் பின்னுக்கு நித்திரை."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். முன்னால் ஒரு கரவன் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. எதிரே பாதை வெறிச்சோடிக் கிடந்தது. கரவனை முந்தச் சிக்னலைப் போட்டேன். "பிறகு எடுக்கலாமப்பா," என்று அவர் தொடங்கினார். நான் அக்சிலேற்றரை மிதித்தேன்.